மௌனத்தின் விலை நாளுக்கு 250 ரூபாய்

அரசு அலுவலகத்துக்கு ஒரு மனு போகிறது. பதில் வரலாம், ‘தர இயலாது’ என்று மறுப்பு வரலாம், எதுவுமே வராமலும் போகலாம். இதில் நம்மை அதிகம் அலைக்கழிப்பது மறுப்பு அல்ல. மறுப்புக் கடிதத்தில் ஒருவருடைய கையெழுத்து இருக்கும், தேதி இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போகலாம், கோர்ட்டுக்கும் போகலாம். மனு கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டால் எங்கே போவது? யார் மீது புகார் சொல்வது? வராத கடிதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியுமா?

முடியும் என்கிறது தகவல் பெறும் உரிமைச் சட்டம். 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் சின்னதாக ஓர் உட்பிரிவு இருக்கிறது. கெடுவுக்குள் முடிவு சொல்லாத அலுவலர், கோரிக்கையை மறுத்துவிட்டதாகவே கருதப்படுவார். கெடு 30 நாள். ஒருவருடைய உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். சும்மா இருந்தாலும் அது ஒரு செயல்தான் என்று இந்த ஒரே வரியில் ஆகிவிட்டது. செயல் என்றால் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டுமே? இந்தச் சட்டத்தின் சாமர்த்தியம் முழுக்க அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலில்தான் இருக்கிறது.

‘அரசு’ என்று ஓர் ஆள் கிடையாது. நாற்காலிகள் இருக்கின்றன, கோப்புகள் இருக்கின்றன, ‘சார் மீட்டிங்கில் இருக்கிறார்’ என்ற குரல் இருக்கிறது. எனவே ஒவ்வொரு அலுவலகத்திலும் பொதுத் தகவல் அலுவலர் என்று ஒருவரை நியமித்தே ஆக வேண்டும் என்றது சட்டம். தகுந்த காரணமின்றி அவர் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம், உச்சவரம்பு 25,000. அதாவது 100 நாள் தாமதித்தால் முழுத் தொகையும் வந்துவிடும். இன்றைய சம்பளக் கணக்கில் இது பெரிய பணம் அல்ல. ஆனால் அது யாருடைய பணம் என்பதைப் பாருங்கள். நீதிமன்றம் ஒரு துறைக்கு அபராதம் விதித்தால் அது கஜானாவிலிருந்து, அதாவது உங்கள் வரிப்பணத்திலிருந்து, போகும். இந்த 250 ரூபாய் அந்த அலுவலரின் சொந்தப் பணம்.

‘கோப்பு என்னிடம் இல்லை, பக்கத்து செக்‌ஷனில் இருக்கிறது’ என்று அவர் சொன்னால்? அதற்கும் 5ஆம் பிரிவில் பதில் உண்டு. தகவல் அலுவலர் யாரிடம் உதவி கேட்கிறாரோ, அவரே அந்த விஷயத்தில் தகவல் அலுவலராகக் கருதப்படுவார். கோப்பு போகும் இடத்துக்கெல்லாம் பொறுப்பும் கூடவே போகிறது. விஷயம் வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால், மனுவை 5 நாளுக்குள் அங்கே அனுப்பிவிட்டு மனுதாரருக்கும் சொல்ல வேண்டும். ‘இது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. கெடு தாண்டிவிட்டால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும். ‘உனக்கு எதற்கு இது?’ என்று கேட்கக் கூடாது. மேல்முறையீட்டில், மறுத்தது சரிதான் என்று காட்டும் சுமையும் மனுதாரர் தலையில் இல்லை, அலுவலர் தலையில். அலுவலகச் சாக்குகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அடைத்திருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து பழகியவர்கள் இதில் கைவைத்திருக்க வேண்டும் என்று படிப்பவருக்குத் தோன்றும்.

தோன்றுவது தவறில்லை. இந்தச் சட்டத்துக்கான போராட்டத்தில் முன்னால் நின்ற அருணா ராய் ஐஏஎஸ் அதிகாரியாக இருந்தவர். சென்னையில் பிறந்தவர், 1968இல் பணியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் வேலையை விட்டுவிட்டு ராஜஸ்தான் கிராமங்களுக்குப் போனார். 1987இல் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோருடன் தேவ்துங்ரி என்ற கிராமத்தில் ஒரு மண் வீட்டில் குடியேறினார். 1990 மே தினத்தன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு பிறந்தது. அவர்கள் முதலில் கேட்டது தகவலை அல்ல, கூலியை. அரசு வேலைத் திட்டங்களில் மண் வெட்டியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், ‘நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது’ என்றார்கள். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம். பிரிட்டிஷ்காரர்கள் 1923இல் கொண்டுவந்த அலுவல் ரகசியச் சட்டம், ஒற்றர்களைத் தடுக்க எழுதப்பட்டது, மண் வெட்டிய கணக்கு வரைக்கும் நீண்டிருந்தது.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, கைக்குக் கிடைத்த பதிவேடுகளைச் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கு வந்தவர்களின் பெயர்களையும் கொடுத்த கூலியையும் எழுதிவைக்கும் மஸ்டர் ரோல்தான் அதில் முக்கியம். பெயர்களைக் கேட்கக் கேட்கக் கூட்டத்தில் சலசலப்பு. அந்த வேலைப் பக்கமே போகாதவர்கள் கூலி வாங்கியிருந்தார்கள், செத்துப்போனவர்களும் வாங்கியிருந்தார்கள். எந்தத் தணிக்கையாளருக்கும் இது பிடிபட்டிருக்காது. தாளில் கூட்டல் சரியாகவே இருந்திருக்கும். பெயருக்கு உரியவர் உயிரோடு இல்லை என்பது ஊருக்குத்தான் தெரியும். தகவல் உரிமை என்ற பெரிய சொல்லுக்கு அடியில் இருப்பது இந்த எளிய உண்மைதான். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது அவர்கள் கோஷம்.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு, பாதிப் பெருமை. இந்தியாவில் தகவல் உரிமைச் சட்டத்தை முதலில் இயற்றியது தமிழ்நாடு, 1997இல். ஆனால் எதையெல்லாம் தர வேண்டியதில்லை என்ற பட்டியல் அதில் நீளமாக இருந்ததால் பயன் சொற்பம். நாடாளுமன்றமும் 2002இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதில் அலுவலருக்கு அபராதம் இல்லை, சுதந்திரமான ஆணையமும் இல்லை. பல் இல்லாத அந்தச் சட்டம்கூடக் கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை. மற்ற நாடுகளைப் பார்த்தாலும் அபராதத்தின் அருமை தெரியும். 1766இல் ஸ்வீடன் உலகுக்கு முன்னோடியாக இந்த உரிமையைச் சட்டமாக்கியது. சரியாக 200 ஆண்டு கழித்துச் சட்டம் இயற்றிய அமெரிக்காவில், 20 வேலை நாள் கெடு தாண்டினாலும் அலுவலர் பையில் கை வைக்க முடியாது. பெரும்பாலும் வழக்கறிஞரைத்தான் தேட வேண்டும்.

இங்கே 10 ரூபாய் மனுக் கட்டணத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது பலருக்கும் தெரியாது. காகித நகல் மட்டும்தான் கேட்கலாம் என்று நினைக்கிறோம். நடக்கும் வேலையையும் ஆவணங்களையும் நேரில் போய்ப் பார்வையிடவும், குறிப்பெடுக்கவும் உரிமை உண்டு. போட்ட ரோட்டிலிருந்து சான்றளிக்கப்பட்ட மாதிரி கேட்கலாம். தார் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு என்று பரிசோதித்துக்கொள்ளலாம். கோப்பில் ஒரு பகுதி ரகசியம் என்றால் அதை மட்டும் மறைத்துவிட்டு மிச்சத்தைத் தர வேண்டும். 2011இல் உச்ச நீதிமன்றம், தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்றது. தலைமை நீதிபதியின் அலுவலகமும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் அதே நீதிமன்றம் தன்னைப் பற்றியே தீர்ப்புச் சொன்னது.

இவ்வளவு கச்சிதமான இயந்திரம் எங்கே மாட்டிக்கொள்கிறது? கடைசிப் படியில். அலுவலருக்கு 30 நாள். அவருக்கு மேலே உள்ள முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாள், மிஞ்சினால் 45. அபராதம் விதிக்கும் அதிகாரம் உள்ள தகவல் ஆணையத்துக்கு? சட்டத்தில் கெடுவே இல்லை. எல்லோருக்கும் கெடு வைத்த சட்டம், தண்டிக்கும் கை யாரிடம் இருக்கிறதோ அவருக்கு மட்டும் வைக்க மறந்துவிட்டது. ஆணையர் நாற்காலிகளைக் காலியாக விட்டால் போதும், 250 ரூபாய் பயம் தானாகக் கரைந்துவிடும். ஜார்க்கண்ட் மாநில ஆணையம் 2020 மே மாதத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் ஆணையர் ஒருவர்கூட இல்லாமல் முடங்கிக் கிடந்தது. சட்டத்தைத் திருத்த வேண்டாம், ரத்து செய்ய வேண்டாம், கெட்ட பெயரும் வேண்டாம்; நியமனக் கோப்பை நகர்த்தாமல் இருந்தால் வேலை முடிந்தது. மௌனம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

திருத்தங்களும் வந்தன. சட்டத்திலேயே 5 ஆண்டு என்று இருந்த ஆணையர்களின் பதவிக்காலத்தை மத்திய அரசே முடிவு செய்யலாம் என்று 2019இல் மாற்றினார்கள்; விதிகளில் அது 3 ஆண்டாயிற்று. மாநிலங்களும் சளைத்தவை அல்ல. ஊழலைப் பிடிக்க வேண்டிய ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்கே 2008இல் தமிழக அரசு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டம் சொல்வதுதான் ஒரே ஆறுதல்.

எனக்கு எல்லாவற்றிலும் கவலை தருவது 8ஆம் பிரிவில் நடந்த மாற்றம். பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அந்தரங்கத்தில் தலையிடுகிற தனிநபர் தகவலை மட்டும் மறுக்கலாம் என்று அது இருந்தது. கூடவே ஓர் அழகான வாசகம்: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த ஒருவருக்கும் மறுக்கக் கூடாது. பிளாட்பாரத்தில் கடை வைத்திருப்பவரை எம்.பி.க்குச் சமமாக நிறுத்திய வரி அது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டது. ‘தனிநபர் தகவல்’ என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் இது அமலுக்கும் வந்தது. பொதுநலன் பெரிது என்றால் அலுவலகம் தரலாம் என்ற உட்பிரிவு இன்னும் இருக்கிறது என்பது அரசின் வாதம். இருக்கிறதுதான். ஆனால் மஸ்டர் ரோலில் உள்ள பெயர் தனிநபர் தகவல் இல்லாமல் வேறென்ன? பெயரை மறைத்துவிட்டுத் தொகையை மட்டும் வாசித்திருந்தால் கோட் கிரானாவில் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் இந்தச் சட்டம் வேலை செய்கிறது, கேட்கத் தெரிந்தவருக்கு. இருக்கிற ஆவணத்தைத்தான் அலுவலகம் தர வேண்டும். விளக்கம் எழுதித் தரவோ புதிதாகத் தயாரிக்கவோ கடமை இல்லை என்பதும் விடைத்தாள் பற்றிய அதே 2011 தீர்ப்பில் உண்டு. ஆகவே ‘எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை?’ என்று கேட்காதீர்கள். மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், எம்-புக் எனப்படும் அளவீட்டுப் புத்தகத்தில் அந்த வேலைக்கு உரிய பக்கங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். மனு போய்ச் சேர்ந்த தேதியைக் குறித்துவையுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் முடிவு வராவிட்டால் ஆணையத்துக்குப் போக 90 நாள் அவகாசம் இருக்கிறது; அதைத் தவறவிடாதீர்கள்.