டெஸ்ட் பெட் இல்லாத சிமுலேஷன்

ஒசூர் வாகனத் தொழிலில் சி.எஃப்.டி. எனும் கணினிவழிப் பாய்வுக் கணக்கைப் பார்க்கும் பொறியாளர்களுக்கு இது பழகிய வேலை. இன்ஜினுக்குள் இருக்கும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வாயுவின் அடர்த்தி, அழுத்தம், வேகம் எப்படி மாறுகிறது என்று கணக்குப் போட வேண்டும். சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூருவின் ராமன் ஆய்வு நிறுவனத்திலும் ஐ.ஐ.எஸ்சி.யிலும் வானியற்பியலாளர்கள் போடுவதும் அடிப்படையில் அதே கணக்குதான். அவர்களுடைய வாயு இருப்பது விண்மீன் மண்டலங்களைச் சுற்றி.

பிரபஞ்சத்தில் அணுக்களால் ஆன சாதாரணப் பொருள் ஏறக்குறைய 5 சதவீதம். அதிலும் நட்சத்திரமாகத் திரண்டது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சத்தில் பெரும்பகுதி கண்ணுக்குப் படாத மெல்லிய வாயு.

அந்த வாயுவை வெளியே விசிறுபவற்றில் முக்கியமானவை சூப்பர்நோவா வெடிப்புகள். விசிறியது எதுவரை போகிறது? கார்த்திக் சர்க்கார், பிமன் நாத், பிரதீக் சர்மா உள்ளிட்ட குழு 2015-ல் பால்வீதி போன்ற மண்டலத்துக்கு இதைக் கணக்கிட்டது. மையத்தருகே நொடிக்கு 500 கிலோமீட்டரில் பாயும் வாயுவும் உண்டு. ஆனால் மண்டலத்தைச் சுற்றி ஏற்கெனவே சூடான வாயு நிறைந்திருக்கிறது. அதை முட்டித் தள்ளி வெளி விளிம்பை எட்டும்போது வேகம் 200-க்குள் அடங்கிவிடுகிறது. ஒசூர் ஜுஜுவாடியைச் சீறிக் கடந்த பஸ் பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் ஊர்வது போலத்தான். விளிம்பைத் தாண்டும் வாயுவின் விகிதமும் உள்ளே கிளம்பியதைவிடப் பல மடங்கு குறையலாம். மையத்தில் பீறிடுவதைத் தொலைநோக்கியில் பார்த்து, அவ்வளவும் வெளியேறிவிட்டது என்று எழுதிவிட முடியாது.

பெரிய சிமுலேஷன்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. டிஎன்ஜி-100 என்ற உருவகம் 36 கோடி ஒளியாண்டு அகலமுள்ள பெட்டி. அதில் ஒரு வாயுக் கட்டத்தின் நிறையே சுமார் 14 லட்சம் சூரியன்கள். தனியொரு சூப்பர்நோவா அதற்குள் தெரியவே தெரியாது. வெடிப்பு எவ்வளவு தள்ளும், மண்டல மையத்துக் கருந்துளை வாயுவை எவ்வளவு சூடேற்றும் என்பதை ஆய்வாளர்களே விதியாக எழுதிச் சேர்க்க வேண்டும். கணக்கின் பலவீனம் இங்கேதான். டிஎன்ஜிக்கு முன்னோடியாக 2014-ல் வந்த முதல் இல்லஸ்ட்ரிஸ் உருவகத்தில் கருந்துளை விதி மூர்க்கமாக இருந்தது. மண்டலக் கூட்டங்களிலிருந்து வாயு அளவுக்கு மீறி வெளியேறியது. அதைத் திருத்தி வந்ததுதான் டிஎன்ஜி.

இன்ஜின் கணக்கு தப்பினால் டெஸ்ட் பெட்டில் ஓட்டிப் பார்த்துவிடலாம். இங்கே வானம்தான் கதி. எங்கோ தொலைவில் மில்லி விநாடி மட்டும் வெடிக்கும் ரேடியோத் துடிப்புகள் நம்மை நோக்கி வருகின்றன. வழியில் எலக்ட்ரான் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குக் குறைந்த அதிர்வெண் அலை பிந்தி வரும். அந்தத் தாமதம்தான் வாயுவை எடைபோடும் தராசு. 2025-ல் வெளியான ஆய்வு இப்படி எடைபோட்டு, சாதாரணப் பொருளில் முக்கால் பங்கு மண்டலங்களுக்கு இடைப்பட்ட வெளியில் இருப்பதாகச் சொன்னது.

இதற்கு முந்தைய ஆண்டே, சிலியின் அட்டகாமா தொலைநோக்கித் தரவு வேறு வழியில் இன்னொன்றைக் காட்டியிருந்தது: மண்டலங்களைச் சுற்றிய வாயு, டிஎன்ஜி சொன்னதைவிட அதிகமாகப் பரவிக் கிடக்கிறது. மூர்க்கம் என்று குறைத்த விதியை மறுபடி கூட்ட வேண்டியிருக்கலாம்.