கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா? காஸ்ட்லி காரை எங்கே விடுவது?

போன வாரம் சித்தப்பாவிடம் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. கார் சர்வீஸ் எஸ்டிமேட். மொத்தம் 1 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய். கீழே ஒரே ஒரு வரி: "நீதான் நியூஸ்ல இருக்கியே, இது நியாயமான்னு கேட்டுச் சொல்லு."

கார், 7 வயதான ஒரு ஜெர்மன் டீசல் செடான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. புது காம்பாக்ட் எஸ்.யூ.வி விலைக்கே பெரிய கார் கிடைத்துவிட்டது என்று வீட்டில் ஸ்வீட் எல்லாம் கொடுத்தார். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். வருஷம் போகப் போக காரின் விலை இறங்கும். அதன் பிரேக் டிஸ்க் விலை இறங்காது. புதிதாக 50 லட்சத்துக்கு விற்ற காரை நீங்கள் 15 லட்சத்துக்கு வாங்கலாம். ஆனால், பார்ட்ஸ் வாங்கும்போது நீங்களும் 50 லட்ச ரூபாய் கார் ஓனர்தான்.

அடுத்து வரும் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே விடணுமா, இல்லை வெளியே நல்ல ஷெட்டாகப் பார்த்து விடலாமா? இதைப் பெரும்பாலும் காரை வைத்து முடிவு செய்கிறார்கள். "இவ்வளவு காஸ்ட்லி காரை வெளியே விடலாமா?" என்று ஒரு பக்கம், "வாரன்டி முடிஞ்சுதா, அப்புறம் எதுக்குக் கம்பெனி?" என்று இன்னொரு பக்கம். ஆனால், முடிவு செய்ய வேண்டியது வேலையை வைத்து. ஒரே காரின் ஒரே எஸ்டிமேட்டில் சில வேலைகளைத் தாராளமாக வெளியே கொடுக்கலாம். சிலவற்றைக் கொடுக்கவே கூடாது.

வெளியே விட்டா வாரன்டி போயிடுமா?

முதலில் இந்தப் பயத்தைப் பார்த்துவிடலாம்.

2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா மட்டுமல்ல, மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒரிஜினல் உதிரிபாகங்கள், பழுதைக் கண்டறியும் கருவிகள், தொழில்நுட்பக் கையேடுகள் ஆகியவை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான் குற்றச்சாட்டு. அதே உத்தரவில் வாரன்டி பற்றியும் ஆணையம் தெளிவாகச் சொன்னது. வெளியே சர்வீஸ் செய்தார் என்பதற்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் ஏற்பட்டதோ, அந்த அளவுக்கு மட்டுமே வாரன்டியை மறுக்கலாம்.

நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கும் இழுத்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்கு என்றே ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் ஒன்று.

சரி, இதை நம்பி வாரன்டி காலத்தில் வெளியே விடலாமா? வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம். ஆனால் கியர்பாக்ஸ் போய் லட்சக்கணக்கில் கிளெய்ம் கேட்கும்போது, "வெளியே ஊத்தின ஆயில்தான் காரணம்" என்று ஒரு வார்த்தை வந்தால், அது இல்லை என்று நிரூபிக்க அலைவது நீங்கள்தான். வாரன்டி, நீட்டிக்கப்பட்ட வாரன்டி, முன்பணம் கட்டிய சர்வீஸ் பேக்கேஜ் இதில் ஏதாவது ஒன்று பாக்கி இருந்தாலும் கம்பெனியிலேயே விடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள், பழைய ஓனர் வாங்கிய பேக்கேஜில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

பில்லில் பணம் எங்கே போகுது?

சர்வீஸ் பில்லில் மூன்று விஷயங்கள் இருக்கும். பார்ட்ஸ், லேபர், ஜி.எஸ்.டி. வரியில் பேசி ஜெயிக்க முடியாது. லேபருக்கும் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கும் ஒரே சீராக 18 சதவீதம்.

பார்ட்ஸ் விஷயம்தான் சுவாரசியமானது. கார் கம்பெனிகள் எல்லா பார்ட்ஸையும் தாங்களே தயாரிப்பதில்லை. சென்சார், இன்ஜெக்டர் போஷ் கம்பெனியுடையதாக இருக்கும், ஃபில்டர் மான் அல்லது மாலே. பி.எம்.டபிள்யூ கார்களின் முன்பக்க கன்ட்ரோல் ஆர்ம் பலவற்றையும் லெம்ஃபோர்டர் என்ற கம்பெனி சப்ளை செய்கிறது. அதே பார்ட்ஸ் கார் கம்பெனியின் லோகோ போட்ட அட்டைப்பெட்டியில் வந்தால் ஒரு விலை, தயாரித்த கம்பெனியின் சொந்த அட்டைப்பெட்டியில் வந்தால் இன்னொரு விலை. நல்ல வெளி ஷெட்டில் பில் குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான், தரக் குறைவு இல்லை.

ஆனால் மூன்றாவதாக ஓர் அட்டைப்பெட்டியும் இருக்கிறது. போலி. லோகோ, ஹாலோகிராம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஃபில்டரிலும் ஆயிலிலும் இது சகஜம். அதனால், பார்ட்ஸ் எந்த பிராண்ட், என்ன பார்ட் நம்பர் என்று பில்லிலேயே எழுதித் தராத ஷெட் எவ்வளவு சீப்பாக இருந்தாலும் வேண்டாம். ஆயிலிலும் 5டபிள்யூ-30 என்று மட்டும் பார்த்தால் போதாது. பி.எம்.டபிள்யூவுக்கு லாங்லைஃப்-04, ஃபோக்ஸ்வாகன் குழும டீசலுக்கு 507.00 என்பதுபோல ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி அங்கீகார எண் உண்டு. புகை ஃபில்டர் இருக்கும் டீசல் காருக்கு, எரிந்தால் சாம்பல் குறைவாக வரும் ஆயில் வேண்டும். வேறு ஆயிலை ஊற்றினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: என்ன ஸ்கேனர் வெச்சிருக்கீங்க?

இந்த மாதிரி கார்களில் ஸ்பேனரை விட ஸ்கேனர் முக்கியம். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.பி.டி கருவி பெரும்பாலும் எஞ்சின் கோடை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக், ஏர் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், கதவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கம்ப்யூட்டர் இருக்கும் காரில் அது போதாது. கம்பெனிகளுக்கு என்று தனி மென்பொருள் உண்டு. மெர்சிடிஸுக்கு எக்ஸென்ட்ரி, பி.எம்.டபிள்யூவுக்கு இஸ்டா. அதையோ, அதற்கு இணையாக வேலை செய்யும் தரமான கருவியையோ வைத்திருக்கும் ஷெட்தான் உங்களுக்கு வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பேட்டரி மாற்றுவதையே எடுத்துக்கொள்வோம். சாதாரண காரில் 10 நிமிட வேலை. பி.எம்.டபிள்யூ போன்ற கார்களில் புது பேட்டரி போட்டதும் அதை ஸ்கேனர் வழியாக காரில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால், பழைய தளர்ந்த பேட்டரி என்று நினைத்துக்கொண்டே கார் அதற்குச் சார்ஜ் ஏற்றும். புது பேட்டரியின் ஆயுள் குறையும். பின் பிரேக் பேட் மாற்றுவதும் அப்படித்தான். எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் இருந்தால், அதை சர்வீஸ் மோடில் போட்டுத் தளர்த்திய பிறகுதான் பேட்டைக் கழற்ற வேண்டும். வழக்கம்போல கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் மோட்டார் போச்சு. சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் புது காலிப்பர் வாங்கிய கதைகள் உண்டு.

இதைவிடப் பெரிய செலவு, தப்பாகக் கண்டுபிடிப்பதால் வருவது. டர்போ காரில் பி0299 என்று ஒரு கோட் வரும். டர்போவில் காற்றழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். டர்போ கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. காற்றுக் குழாயில் ஒரு விரிசல் இருந்தாலும் இதே கோட்தான் வரும். தெரிந்தவர் முதலில் புகை விட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பார். தெரியாதவர் "சார், டர்போ மாத்தணும்" என்பார். ரப்பர் குழாய் விலைக்கும் டர்போ விலைக்கும் உள்ள தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் இந்தத் தப்பே நடக்காது என்று சொல்ல மாட்டேன். அங்கே உள்ள பழக்கம் வேறு. பெரும்பாலும் சின்னப் பகுதியைச் சரிசெய்ய மாட்டார்கள், முழு செட்டாக மாற்றுவார்கள். ஒரு சீல் கசிந்தாலும் அது இருக்கும் முழு யூனிட் எஸ்டிமேட்டில் ஏறும். அந்த சீலை மட்டும் மாற்றத் தெரிந்த வெளி மெக்கானிக் இருக்கிறார் பாருங்கள், அவர் நம்பரைப் போனில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

'லைஃப்டைம் ஆயில்' யாரோட லைஃப்?

பி.எம்.டபிள்யூ, ஆடி, ஜாகுவார் லேண்ட்ரோவர் கார்கள் பலவற்றில் இருப்பது இசட்.எஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இதில் ஊற்றியிருப்பது 'லைஃப்டைம் ஆயில்', மாற்றவே வேண்டாம் என்று கார் கம்பெனிகள் சொல்வது உண்டு. ஆனால் கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்.எஃப் நிறுவனம் என்ன சொல்கிறது தெரியுமா? ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் ஆயிலை மாற்றுங்கள் என்கிறது.

முதல் ஓனர் நான்கைந்து வருஷத்தில் காரை விற்றுவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது லைஃப்டைம்தான். மூன்றாவது ஓனருக்குத்தான் கியர் மாறும்போது இடிக்க ஆரம்பிக்கும். கம்பெனி அட்டவணையில் இல்லாத இந்த வேலையை, விவரம் தெரிந்த வெளி ஷெட்காரர் தானாகவே நினைவுபடுத்துவார். ஆனால் இதுவும் ஸ்கேனர் வேலைதான். பல மாடல்களில் ஃபில்டர், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியோடு சேர்ந்தே வரும், அதையும் மாற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஆயிலின் வெப்பம் குறிப்பிட்ட அளவில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். "கண் பார்வையிலயே ஊத்திடுவேன் சார்" என்று சொன்னால், காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எதை வெளியே கொடுக்கவே கூடாது?

ஏர்பேக், சாவி கோடிங், திருட்டுத் தடுப்பு சிஸ்டம், ஹைப்ரிட் மற்றும் எலக்ட்ரிக் கார்களின் ஹை-வோல்டேஜ் பகுதி. இவை கம்பெனியில்தான். ரீகால் வேலையும் அங்கேதான், அதுவும் இலவசமாக. உலகம் முழுக்கப் பல கம்பெனி கார்களைத் திரும்ப அழைக்க வைத்த தகாட்டா ஏர்பேக் பிரச்னை நினைவிருக்கும். வருஷக்கணக்கில் வெளி ஷெட்டுக்கே போய்க்கொண்டிருந்தால், உங்கள் காருக்கு அப்படி ஓர் அழைப்பு இருப்பதே தெரியாமல் போகலாம்.

வெள்ளம் புகுந்த கார் தனிக் கதை. 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பார்த்தோம். தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு ஸ்டார்ட்டிலேயே கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரியும் கம்ப்யூட்டர்களும் டிக்கி அடியிலோ சீட் அடியிலோ இருக்கும் கார்கள் நிறைய. இன்சூரன்ஸ் கிளெய்ம் இருப்பதால், காரை டோ செய்து, உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவதே நல்லது. சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள்.

விற்கும்போது விலை குறையுமா?

கொஞ்சம் குறையலாம். புதிய கார்களில் சர்வீஸ் ஹிஸ்டரி டிஜிட்டலாகக் கம்பெனி சர்வரில் இருக்கும். வெளி ஷெட் வேலை பொதுவாக அதில் ஏறாது. அதனால், ஜி.எஸ்.டி பில், ஜாப் கார்டு, பழைய பார்ட்ஸ் போட்டோ எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வாங்குபவருக்குக் காட்டவும் ஆகும், தகராறு என்று வந்தால் நுகர்வோர் ஆணையத்தில் காட்டவும் ஆகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. துண்டுச் சீட்டில் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு அங்கே பேச முடியாது.

சித்தப்பா பில் என்ன ஆச்சு?

எஸ்டிமேட்டை ஒவ்வொரு வரியாகப் பிரித்தோம். எஞ்சின் ஆயில், ஃபில்டர், முன் பிரேக் பேட், டிஸ்க், கன்ட்ரோல் ஆர்ம், பேட்டரி ஆகியவை வெளியே. அவர் வைத்திருக்கும் அதே பிராண்ட் கார்களை மட்டுமே பார்க்கும் ஒரு ஷெட், பார்ட் நம்பரோடு எஸ்டிமேட் கொடுத்தது. பேட்டரியைப் பதிவு செய்து தருவீர்களா என்று கேட்டதற்கு, "அது பண்ணாம எப்படி சார் வெளியே விடுவேன்?" என்று அந்த அண்ணன் கோபப்பட்டார். அந்தக் கோபத்தைப் பார்த்த பிறகுதான் சித்தப்பாவுக்கு நம்பிக்கையே வந்தது.

எஸ்டிமேட்டில் கடைசியாக, ஏர்பேக் விளக்கு எரிவதற்கான சோதனை என்று ஒரு வரி இருந்தது. வெளியே கேட்டால், "விளக்கை அணைச்சுத் தரேன்" என்று வேறொருவர் சொன்னாராம். அதை மட்டும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை கார் அங்கே போகிறது.