இருமத் தெரியாத பாம்பு

பழனியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "நான் வளர்க்கும் பால் பைத்தான் (ball python) பாம்பின் கண்ணோரம் கசகசா போல ஏதோ ஊர்கிறது. பாம்பு தண்ணீர்த் தொட்டியிலேயே கிடக்கிறது. இரண்டு நாளாக வாயைத் திறந்து, தலையைத் தூக்கியபடி இருக்கிறது. வேப்பெண்ணெய் தடவலாமா?"

வேண்டாம். அந்தக் கசகசா, ரத்தம் குடிக்கும் பாம்பு உண்ணி. 1844-இல் ஷெர்வே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் அதை விவரித்தார். வரலாறு இவ்வளவு போதும். உண்ணி முட்டையிடுவது பாம்பின் மேல் அல்ல, கூண்டின் இண்டு இடுக்குகளில். எண்ணெய் அங்கே எட்டாது. 'ஒரே நாளில் ஒழியும்' என்று வரும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

எனக்குக் கவலை அந்தத் திறந்த வாய்தான்; நுரையீரலில் சளி கட்டியதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

பாம்புக்கு உதரவிதானம் கிடையாது. விலா எலும்புகளால்தான் மூச்சு. நீண்டு கிடக்கும் வலது நுரையீரலின் முன்பகுதிதான் ஆக்சிஜனை எடுக்கும். பின்பகுதி வெறும் காற்றுப்பை. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தினர் போவா பாம்புகளுக்கு ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி முன்விலாக்களை அசையவிடாமல் செய்தார்கள். பாம்பு பின்விலாக்களை விரித்துக் காற்றை இழுத்துக்கொண்டது! இரையை விழுங்கும்போது அது மூச்சு முட்டிச் சாகாததன் ரகசியங்களில் இதுவும் ஒன்று.

கொல்லன் உலையை நினைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு முன்னால், துருத்தி பின்னால். துருத்தியில் சூடில்லை, ஆனால் அது அசையாவிட்டால் உலை அணைந்துவிடும். குழாயில் சாம்பல் அடைத்தால் கொல்லர் கம்பியை விட்டுக் குத்தி எடுப்பார். நம்மிடம் அந்தக் கம்பிதான் இருமல். பாம்பிடம் கம்பி இல்லை. துருத்தியின் அடியில் தேங்கிய சளி அங்கேயே கிடந்து கெட்டியாகும். வாயோரம் நுரை தெரிகிறதென்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

உண்ணியிடம் ரத்தம் இழந்து தளர்ந்த உடலில் கிருமி எளிதில் ஏறும்; ஏரோமோனாஸ் பாக்டீரியாவை உண்ணியே சுமந்து வருவதாகவும் சந்தேகம் உண்டு. மார்கழிக் குளிர் வேறு நோய் எதிர்ப்பைக் குறைக்கும்.

கூண்டைக் காலி செய்து, வெந்நீரில் கழுவி, காகிதம் மட்டும் விரியுங்கள். கதகதப்பாக வையுங்கள். பூச்சி மருந்து அடிக்காதீர்கள். அந்தப் புகையையும் அதே நுரையீரல்தான் இழுக்கும். பால் பைத்தானுக்கு 2024 விதிகளின்படி பதிவு கட்டாயம்; செய்யவில்லை என்ற பயத்தில் வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பக்கத்திலேயே உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாளை காலையிலேயே அங்கே போய் விசாரியுங்கள், தம்பி.