சிறு நாயின் தலையில் அடிபட்டால்

சுங்கை லாலாங், பீடோங், சுங்கைப் பட்டாணி என்று கெடாவின் தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டிப் பிழைத்த நம்மவர் குடும்பங்களுக்கு நாய் புதிதாக வந்த உறவன்று. விடிவதற்கு முன்பே பிரட்டுக்குப் புறப்படும் எஜமானனைப் பின்தொடர்ந்து நிரை வரையில் ஓடி, அவன் மரம் வெட்டி முடிக்கும் மட்டும் வாளிக்கும் சைக்கிளுக்கும் காவலிருந்து, வெயிலேறத் திரும்பி வந்த அந்த நாய்கள் வாசலில் வளர்ந்தவை, மண்தரையில் புரண்டவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் நின்ற இடங்களில் செம்பனையும் தாமான் வீடுகளும் எழுந்து, லயங்களை விட்டு நாம் குடிபெயர்ந்த பிற்பாடு, நாயின் வாழ்க்கையும் நம்முடையதைப் போலவே மாறிவிட்டது. இன்று அது வீட்டுக்குள்ளே வசிக்கிறது, உருவத்திலும் சிறுத்துவிட்டது. பொமரேனியன், ஷீட்சு, சிவாவா முதலிய குட்டி ஜாதிகள் சோபாவில் உறங்குகின்றன. வழுவழுப்பான தரையில் சறுக்குகின்றன. மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வீற்றிருந்து கடைத்தெருவுக்குப் பிரயாணம் செய்கின்றன. நமக்கு முழங்கால் உயரமே உள்ள சோபா, இரண்டு மூன்று கிலோ எடையுள்ள அந்தப் பிராணிக்கு மாடிக்குச் சமானம் என்பதை நாம் யோசிப்பதில்லை.

தூக்கி வைத்திருந்த குழந்தையின் கையிலிருந்து நழுவியோ, காற்றில் அறைந்து சாத்திய கதவில் மோதியோ, படியில் உருண்டோ அதன் தலையில் அடிபடுகிறது. ஒரு கணம் வீறிட்டுக் கத்துகிறது, தள்ளாடுகிறது, பிறகு உடம்பை உதறிக்கொண்டு எழுந்து தன் தட்டை நோக்கிப் போய்விடுகிறது. பதைத்து நின்ற வீட்டார் பெருமூச்சு விட்டு, "ஒன்றுமில்லை, எழுந்து ஓடிவிட்டதே!" என்கிறார்கள். பெரும்பாலும் அந்த ஆறுதல் நியாயமானதுதான். ஆயினும் சில சமயங்களில் அது எவ்வளவு தவறாகப் போய்விடக்கூடும் என்பதையும், அந்தச் சமயங்களை இனங்காண்பது எப்படி என்பதையும் தெரிந்துகொள்வது நாய் வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் அவசியம்.

மூளை கபாலத்துக்குள் இருப்பது, தேங்காய் ஓட்டுக்குள் பருப்பும் நீரும் இருப்பதைப் போல. மூளையும் ரத்தமும் மூளைநீரும் ஆகிய மூன்றும் அந்த விரியாத ஓட்டுக்குள் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். இந்த உண்மையை 1783இல் ஸ்காத்லாந்து வைத்தியர் அலெக்ஸாந்தர் மன்ரோவும், 1824இல் ஜார்ஜ் கெல்லியும் எடுத்துரைத்தார்கள். இன்றளவும் தலைக்காயச் சிகிச்சைக்கு அதுவே அஸ்திவாரம். அடிபட்ட கணத்தில் மூளைக்கு நேரும் சேதம் முதல் சேதம். அதை எந்த வைத்தியராலும் திருப்பி வாங்க முடியாது. அதன்பின், உள்ளே மெல்லக் கசியும் ரத்தத்தாலும் ஏறும் வீக்கத்தாலும், சுவாசம் குன்றிப் பிராணவாயு போதாமையாலும், மணிக்கணக்கிலும் சில வேளை நாள்கணக்கிலும் நிகழ்வது இரண்டாம் சேதம். எழுந்து ஓடிய நாய் முதல் சேதத்திலிருந்து தப்பியது என்று மட்டுமே நமக்குத் தெரியும். இரண்டாவது இனிமேல்தான் வரவேண்டும், வந்தால்.

குட்டி ஜாதிகளில் மற்றுமொரு விசேஷம் உண்டு. கைக்குழந்தைக்கு இருப்பதைப் போன்ற உச்சிக்குழி சிவாவா நாய்கள் பலவற்றுக்கு வளர்ந்த பின்னும் மூடாமலே இருந்துவிடும். அந்த இடத்தில் மூளைக்கும் வெளியுலகுக்கும் நடுவே எலும்பில்லை, தோல்தான் இருக்கிறது. பெரிய நாய் பொருட்படுத்தாத இடி இதற்குப் பேரிடியாகலாம்.

அடிபட்டவுடன் செய்ய வேண்டுவது என்ன? முதலில் நிதானம். வலியிலும் மயக்கத்திலும் இருக்கும் நாய், மடியிலே வளர்த்தவரையும் கடிக்கும். ஆகையால் முகத்தருகே குனியாமல், மெதுவாகப் பேசிக்கொண்டு, பக்கவாட்டில் அணுகவேண்டும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, நாம் முதலில் வைத்தியரிடம் போகவேண்டும். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் வெறிநாய் நோய் தலைகாட்டியதை மறந்துவிடலாகாது. அடிபட்டதைக் கண்ணால் காணாமல், நாய் தள்ளாடுவதையும் விபரீதமாக நடப்பதையும் மட்டும் கண்டால், தலையில் அடி என்று நாமாகவே தீர்மானித்து அதைத் தொடுவதும் கூடாது.

கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடவேண்டும். கழுத்து நாளங்கள் அழுந்தினால் தலையிலிருந்து இறங்கவேண்டிய ரத்தம் அங்கேயே தேங்கி உள்ளழுத்தம் ஏறும். சுவாசம் சீராக இருக்கிறதா, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடியும் சிவக்கவேண்டும். காயத்தில் ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியை மெல்ல வைத்துப் பிடிக்கலாம். எலும்பு அமுங்கியதாகத் தோன்றினால் அவ்விடத்தை அழுத்தவே கூடாது. நினைவு தவறியிருந்தால், கழுத்தையும் முதுகையும் வளைக்காமல் பலகை மீதோ தடித்த அட்டை மீதோ நகர்த்தி, பலகையின் தலைப்பக்கத்தைச் சற்றே, அதாவது 15 முதல் 30 பாகை வரை, உயர்த்தி எடுத்துச் செல்லவேண்டும். தலைக்கடியில் மாத்திரம் தலையணை வைத்தால் கழுத்து மடங்கிவிடும்.

நம் வீடுகளில் அன்பின் மிகுதியால் செய்யப்படும் சில காரியங்கள் உபத்திரவமாகவே முடிகின்றன. மயங்கிய நாயின் வாயில் தண்ணீரோ இளநீரோ ஊற்றினால் அது சுவாசப்பைக்குள் இறங்கும். கோடாலித் தைலத்தை மூக்கில் காட்டினால் தும்மலும் இருமலும் எழுந்து தலையின் உள்ளழுத்தத்தைக் கூட்டும். "மனுஷருக்குக் கேட்பது நாய்க்கும் கேட்காதா?" என்று பனடோலைப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்கள், அம்மருந்து அளவு மீறினால் நாயின் கல்லீரலையும் ரத்த அணுக்களையும் கெடுக்கும் என்பதையும், இரண்டு கிலோ உடம்பில் அளவு மீறுவதற்கு அதிகம் வேண்டாம் என்பதையும் அறிவதில்லை. ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுத்து, உள்கசிவை வளர்க்கும். வேறு நோய்க்கு வாங்கி மிஞ்சிய ஸ்டீராய்டு மாத்திரையும் உதவாது. மனிதர்களிடம் 10,000க்கும் மேற்பட்ட தலைக்காய நோயாளிகளை வைத்து நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு 2004இல் வெளியானபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 21 பேர் என்றும், பெறாதவர்களில் 18 பேர் என்றும் தெரியவந்தது. மிருக வைத்தியமும் அந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எப்போது ஒரு நிமிடமும் தாமதியாமல் புறப்படவேண்டும்? சில விநாடியேனும் நினைவு தப்பியிருந்தால், காதிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், கண்மணிகள் இரண்டும் ஒரே அளவாக இல்லாவிட்டால், கண்கள் ஊசலாடினால், தலை ஒரு பக்கம் சாய்ந்து, நாய் வட்டமிட்டுச் சுற்றினால், மீண்டும் மீண்டும் வாந்தியெடுத்தால், கால்கள் விறைத்தால், வலிப்பு வந்தால். வலிப்பின்போது வாய்க்குள் விரல் விடாமல், சுற்றியுள்ள பொருள்களை அகற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்; ஐந்து நிமிடத்தைக் கடந்தால் அது உயிருக்கே அபாயம். இக்குறிகள் எவையும் இல்லாவிட்டாலும், குட்டியாகவோ உச்சிக்குழி மூடாததாகவோ இருந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டிவிடுவது உத்தமம்.

அங்கே வைத்தியர் செய்யும் பரீட்சைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1974இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனட் என்ற இருவர் மனித நோயாளிகளின் பிரக்ஞையை எண்ணால் அளக்கும் முறையை வகுத்தார்கள். அதை நாய்க்கு ஏற்றபடி மாற்றி, அங்க அசைவு, கண்மணி முதலியவற்றின் அனிச்சைச் செயல், பிரக்ஞை ஆகிய மூன்றுக்கும் தலா ஆறு என்று பதினெட்டு மதிப்பெண் இடுகிறார்கள். 38 நாய்களை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வின்படி, எட்டு மதிப்பெண் பெற்ற நாய் முதல் 48 மணி நேரத்தைக் கடந்து பிழைப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. பிராணவாயு, அளவறிந்து ஏற்றும் திரவம், மூளை வீக்கத்தை வடியச்செய்யும் மானிட்டால் அல்லது செறிந்த உப்புநீர் ஆகியவையே முக்கியமான சிகிச்சைகள். முதல் நாள்களைத் தாண்டிய நாய் மனிதரும் வியக்கும் வண்ணம் தேறிவிடுவதுண்டு. சிலவற்றுக்கு மாதங்கள் கழித்து வலிப்பு வருவதும் உண்டு.

குறிகள் ஏதுமின்றி வீட்டிலேயே இருக்கும் நாயை 24 மணி நேரம் நெருங்கியும், அடுத்த 24 மணி நேரம் ஒரு கண் வைத்தும் கவனிக்கவேண்டும். அதை உறங்கவே விடக்கூடாது என்று சிலர் இரவெல்லாம் உலுக்கிக்கொண்டிருப்பார்கள். அது வீண் சிரமம். உறக்கம் நல்லதே. இரண்டு மணிக்கொரு தரம் பெயர் சொல்லி அழைத்தால் கண் திறந்து, நம்மை அடையாளம் கண்டுகொண்டு, திரும்பவும் உறங்குமானால் கவலையில்லை. முன்னைவிட எழுப்புவது கடினமாகிக்கொண்டே வந்தால், நள்ளிரவானாலும் புறப்படவேண்டியதுதான். சோபாவும் படியும் எட்டாத சிறிய அறையில், மற்ற நாய்களும் குழந்தைகளும் அணுகாமல், மங்கிய வெளிச்சத்தில் அது கிடக்கட்டும். எந்நேரத்தில் என்ன கண்டோம் என்று ஒரு தாளில் குறித்து வைத்தால், வைத்தியருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

தோட்டத்தில் மனிதருக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் இருந்தார். நாய்க்கு எவரும் இருந்ததில்லை. இன்று சுங்கைப் பட்டாணியில் மிருக வைத்தியர்கள் உண்டு. நோயும் காயமும் உற்ற விலங்கைப் பேணுவது உரிமையாளரின் கடமை என்று 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் சொல்கிறது. ஆனால் எந்த வைத்தியசாலை இரவிலும் திறந்திருக்கும் என்பதை, நாய் மடியில் துடிக்கும் நேரத்தில் தேடலாகாது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாய் நலமாக இருக்கும் இன்றைக்கே, அது உறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சாதாரணமாகப் பத்து முதல் முப்பதுக்குள் இருக்கும். உதட்டை விலக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள்; டார்ச்சு வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதைப் பாருங்கள். பார்த்ததையும் வைத்தியரின் தொலைபேசி எண்ணையும் சுவரில் தொங்கும் மாரியம்மன் கோயில் காலண்டரின் ஓரத்தில் எழுதி வையுங்கள். நலமான நாளில் எழுதிய அந்த வரிதான், அடிபட்ட இரவில் உங்களுக்கு அளவுகோல்.