கால் மணிக்கு ஒரு அதிர்வேட்டு!

எரிமலை மேல் ஏறுவதற்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

விடியற்காலை. நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து இரவெல்லாம் ஓடி வந்த கப்பலின் மேல்தட்டில் பிரயாணிகள் கூடி நிற்கிறார்கள். எதிரே இருட்டில் ஒரு மலை. அதன் உச்சியருகே திடீரென்று செந்தீ எழுகிறது, அடங்குகிறது. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் எழுகிறது!

இதுதான் ஸ்ட்ராம்போலி. சிசிலிக்கு வடக்கே உள்ள சின்னஞ்சிறு இத்தாலியத் தீவு. தீவு என்பதைவிட, கடலுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மலை என்பதே பொருத்தம். வெளியே தெரிவது 924 மீட்டர். தண்ணீருக்குள் மறைந்திருப்பது அதைவிடப் பெரியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓயாமல் கனன்று வருவதால், ‘மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம்’ என்று மாலுமிகள் இதற்குப் பெயர் வைத்தார்கள். ஜூல்ஸ் வெர்ன் 1864-ல் எழுதிய பாதாள யாத்திரைக் கதையில், பூமிக்குள் போனவர்கள் வெளியே வந்து விழுவது இந்த மலையின் வாய் வழியாகத்தான். 1949-ல் டைரக்டர் ரோஸலினி, நடிகை இங்க்ரிட் பெர்க்மனை அழைத்து வந்து இங்கேயே படம் பிடித்தார். அதன் பிறகு ஊரின் பெயர் உலகமெல்லாம் பரவிவிட்டது.

பானையில் கொதிக்கும் களி

அடுப்பில் களி கொதிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த எரிமலையின் ரகசியம் எளிதில் விளங்கும். அடியிலிருந்து குமிழி ஒன்று மெல்ல மேலே வரும். ‘பொளக்’ என்று உடைந்து நாலு துளி தெறிக்கும். மலைக்குள்ளும் அதே கதைதான். உருகிய பாறைக் குழம்பில் வாயுக் குமிழிகள் ஒன்றுசேர்ந்து, குழாய் போன்ற பாதையில் ஏறி வந்து வெடிக்கின்றன. நெருப்புத் துண்டுகள் நூறு, இருநூறு மீட்டர் உயரத்துக்குத் தெறிக்கின்றன. திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுவது போல் இது நாள் முழுவதும் நடக்கிறது. உலகில் வேறெங்கே இந்த மாதிரி வெடித்தாலும், ‘ஸ்ட்ராம்போலி வகை’ என்றே விஞ்ஞானிகள் குறிப்பிடுகிறார்கள்.

இப்படிக் கணக்காக வெடிக்கிற மலை என்பதாலேயே மனிதனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. 2019 வரை கோடைகாலத்தில் மாலை வெயில் தணிந்ததும் கூட்டம் கூட்டமாகப் புறப்படுவார்கள். ஒரு வழிகாட்டிக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்பது அப்போதைய விதி. மூன்று மணி நேரம் ஏறினால் 918 மீட்டரில் ஒரு முகடு. எரிமலையின் வாய்கள் அதற்குக் கீழே இருக்கின்றன! அஸ்தமனம் முடிந்து இருள் கவியும்போது, மேலே நின்று நெருப்பைக் குனிந்து பார்க்க முடிந்தது. இப்படியொரு வாய்ப்பு உலகில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. பிறகு சாம்பல் மணலில் சறுக்கிக்கொண்டே இரண்டு மணி நேரத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

2019 ஜூலை 3

அன்று மாலை சுமார் 4-45 மணி. முன்னறிகுறி ஒன்றும் ஊராருக்குத் தெரியவில்லை. வழக்கமான வேட்டு அல்ல. மலையே பிளந்தது போன்ற வெடி. பல கிலோமீட்டர் உயரத்துக்குப் புகைத் தூண் எழுந்தது. ஜினோஸ்ட்ரா என்ற குக்கிராமத்தைச் சுற்றிப் புதர்கள் தீப்பிடித்து எரிந்தன. மலையேறி ஒருவர் உயிரிழந்தார். அவர் நின்றதோ உச்சியில் அல்ல, கீழ்ச் சரிவில்! மாலைக் கூட்டங்கள் இன்னும் முகட்டை எட்டவில்லை. மூன்று மணி நேரம் பிந்தி வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. ஆகஸ்ட் 28-ந் தேதி மீண்டும் ஒரு பெருவெடி.

மலையின் கோபம் புதிதல்ல. 1930-ல் வெடித்து உயிர்களைக் குடித்தது. எத்தனையோ குடும்பங்கள் ஊரை விட்டே போயின. 2002 டிசம்பர் 30-ல் ‘நெருப்புப் பாதை’ என்று அழைக்கப்படும் வடமேற்குச் சரிவு இடிந்து கடலில் விழ, ஆழிப்பேரலை எழுந்து கரையோர வீடுகளைத் தாக்கியது. குளிர்காலமானதால் கடற்கரையில் உல்லாசப் பிரயாணிகள் இல்லை.

ஐந்து நிமிஷத்தில் எங்கே ஓடுவது?

ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மலைச் சரிவில் நுட்பமான சாய்வுமானிகளைப் பதித்திருக்கிறார்கள். பெருவெடிக்கு முன் மலை சற்றே உப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வீக்கத்தைக் கருவி கண்டுகொள்ளும்; உடனே ஊரில் அபாயச் சங்கு ஊதும். ஆனால் கிடைக்கும் அவகாசம் சில நிமிஷங்களே. கரையில் இருப்பவருக்கு அது போதும். மூன்று மணி நேரம் ஏறிப் போன முகட்டிலிருந்து ஐந்து நிமிஷத்தில் எங்கே ஓடுவது?

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் 2019-க்குப் பின் உச்சியை மூடிவிட்டார்கள். வழிகாட்டி இல்லாமல் 290 மீட்டர், வழிகாட்டியோடு 400 மீட்டர் என்று எல்லை வகுத்தார்கள். மலையின் நிலைமைக்கேற்ப அதுவும் மாறும். 2024 ஜூலையில் மலை சீறியபோது கெடுபிடி இன்னும் இறுகியது. எல்லையை வகுப்பது லிபாரி நகரசபைத் தலைவரின் உத்தரவு. ஆகையால் டிக்கெட் வாங்குமுன் விசாரிக்க வேண்டிய முதல் விஷயம் ஓட்டல் வாடகை அல்ல. அன்றைய உத்தரவு என்ன என்பதுதான்.

“இவ்வளவு தூரம் வந்தோம், பணமும் கட்டினோம்” என்று வழிகாட்டியிடம் வாதாடுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. கூட்டம் ஏறினால்தான் அவருக்குக் கூலி. அப்படியிருந்தும் “இன்று வேண்டாம், திரும்பலாம்” என்கிறாரே, அந்தச் சொல்லுக்காகவே அவருக்குப் பணம் கொடுக்கலாம்.

மூட்டையில் என்ன?

கணுக்காலை மூடும் பூட்ஸ், தலைக்கவசம், ஒன்றரை இரண்டு லிட்டர் தண்ணீர், வியர்வையில் நனைந்ததை மாற்ற ஒரு சட்டை, காற்றைத் தடுக்கும் மேலங்கி. சாம்பல் தூசிக்கு மூக்கை மூட ஒரு துணி. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மாறுவது நல்லது. பிரயாணத்தில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். சிசிலியின் மிலாஸ்ஸோ துறைமுகத்திலிருந்தும் படகு உண்டு. ஆனால் கடல் கொந்தளித்தால் எதுவும் வராது.

400 மீட்டரில் நின்றாலும் ஏமாற்றமில்லை. எரிகற்கள் உருண்டோடிக் கடலில் விழும் சரிவு அங்கிருந்து தெரிகிறது. ஏற முடியாதவர்கள் இரவில் படகேறி, அதே காட்சியைக் கடலிலிருந்து பார்க்கிறார்கள்.

இறங்கி வந்த பிறகும் கைவிளக்கை அணைத்துவிடக் கூடாது. ஊருக்குள் தெருவிளக்கே கிடையாது!