பல்லிக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

இரவில் விளக்கு எரிகிற ஜன்னலின் வெளிப்பக்கம் பல்லி ஒட்டிக்கொண்டு பூச்சிக்குக் காத்திருக்கும். தாராவி சாலாக இருந்தாலும் செம்பூர் அடுக்குமாடியாக இருந்தாலும் மும்பையில் இந்தக் காட்சிக்குக் குறைவில்லை. உயிர்களை நெருக்கத்தில் படம் எடுக்கப் பழக நினைப்பவர் முதலில் நிற்க வேண்டிய இடம் அந்த ஜன்னல்தான். நடுவே கண்ணாடி இருப்பதால், மெதுவாக நகர்ந்தால் பல்லி பெரும்பாலும் ஓடாது. அதன் அடிப்பக்கம் முழுவதும் நம் கண் முன்னால் விரிந்திருக்கும். ஒவ்வொரு விரலுக்கு அடியிலும் குறுக்கு மடிப்புகள் வரிசையாகத் தெரியும். அந்த மடிப்புகளில் வெறும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஏராளம். பல்லி சுவரில் நிற்பது பசையால் அல்ல. அந்த மயிர்நுனிகளுக்கும் சுவருக்கும் இடையே மூலக்கூறு அளவில் உண்டாகும் ஈர்ப்பால். முட்டை சுமக்கும் பெண் பல்லி என்றால், வயிற்றுத் தோலின் ஊடே இரண்டு வெள்ளை முட்டைகளும் தெரியக்கூடும். கேமராவைக் கண்ணாடிக்கு நேராக, லென்ஸ் தெளிவாகப் பார்க்கும் தூரத்தில் பிடியுங்கள். லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தினால் அறை விளக்கின் பிரதிபலிப்பு விழாது.

கண்ணாடி இல்லாத இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே இரண்டு தூரங்கள் உண்டு. எவ்வளவு பக்கத்தில் வரை லென்ஸால் தெளிவாகப் பார்க்க முடியும் என்பது ஒன்று. எவ்வளவு பக்கத்தில் வரை அந்த உயிர் நம்மைப் பொறுத்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் தூரத்தைப் பற்றியே கவலைப்பட்டு, போரா பஜார் கேமராக் கடைகளில் மேக்ரோ லென்ஸ் விலை விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்டால், படத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது தூரம்தான்.

சாத்தாரா மாவட்டத்தில் சால்கேவாடி என்றொரு பீடபூமி, காற்றாலைகள் நிறைந்த இடம். அங்கே வாழும் விசிறித் தொண்டை ஓணான் ஒன்றுக்கு 2016-இல்தான் ‘சரடா சுபர்பா’ என்று அறிவியல் பெயர் வந்தது. ஆண் தன் தொண்டைத் தோலை விரித்தால் நீலமும் கறுப்பும் ஆரஞ்சும் பளிச்சிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கரும் சக ஆய்வாளர்களும் 2018-இல் அந்த ஓணான்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காற்றாலைகளுக்கு அருகே வேட்டைப் பறவைகள் குறைந்திருந்தன, ஓணான்கள் பெருகியிருந்தன. அந்த ஓணான்கள் ஆள் மிகவும் கிட்டே வந்த பிறகே ஓடின. காற்றாலை இல்லாத பகுதியில் இருந்தவை வெகு தூரத்திலேயே ஓட்டம் பிடித்தன. ஒரே இனம், ஒரே பீடபூமி, ஆனாலும் ஓடும் தூரம் வேறு. அந்தத் தூரம் அதனதன் அனுபவத்தைப் பொறுத்து அமைகிறது. படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மாடுங்கா ஐந்து தோட்டங்களில் ஆள் நடமாட்டத்துக்குப் பழகிய ஓணான் விடும் இடைவெளியும், தாராவியை ஒட்டி மித்தி ஆற்றங்கரையில் இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க்கில் புதருக்குள் இருக்கும் ஓணான் விடும் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பூங்கா ஒரு காலத்தில் குப்பை மேடு. மரம் நட்டு, காடாக்கி, 1994-இல் திறந்தார்கள். 37 ஏக்கர் பரப்பு, பழகுவதற்கு அருமையான இடம். குளிர்கால மாதங்களில் காலையிலேயே போய்விடுங்கள். உடம்பு சூடேற ஓணான் வெயிலில் வந்து உட்காரும் நேரம் அது. நேராக அதை நோக்கி நடக்காமல், பக்கவாட்டில் கோணலாக, நின்று நின்று நெருங்குங்கள். தலை தூக்கிப் பார்க்கிறதா, உடலைத் தரையோடு அழுத்துகிறதா, கிளையின் மறுபக்கம் நழுவுகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் எது தெரிந்தாலும் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள். உங்கள் நிழலும் அதன் மேல் விழக் கூடாது.

அப்படியானால் தொலைவிலிருந்தே பெரிதாக எடுக்கும் லென்ஸ்தானே வேண்டும்? ஆம். அது பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது. கேனனின் 55-250 போன்ற சாதாரண ஜூம் லென்ஸ் 85 செ.மீ. தூரம் வரை ஃபோகஸ் செய்யும். அந்த நிலையில் சுமார் 8 செ.மீ. அகலக் காட்சி படம் முழுவதையும் நிரப்பும். ஓணானின் தலையை அழகாகக் காட்ட அதுவே போதும். உண்மை அளவிலேயே சென்சாரில் பதியவைக்கும் மேக்ரோ லென்ஸ் எறும்புக்குத் தேவை. ஓணானுக்கு அவ்வளவு தேவையில்லை. 50 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதற்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூபில் தொடங்கலாம். அதில் கண்ணாடி கிடையாது, வெறும் இடைவெளிதான். லென்ஸ் சென்சாரை விட்டு விலக விலக உருவம் பெரிதாகும். மொபைலின் மேக்ரோ முறையை நான் ஊர்வனவற்றுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பல மாடல்களில் அது இரண்டு, மூன்று செ.மீ. வரை நெருங்கச் சொல்லும். அதற்குள் பல்லி போயிருக்கும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெரிதாக்கும் டெலி லென்ஸ் மொபைலில் இருந்தால் அதை வைத்துத் தள்ளி நின்று எடுங்கள்.

நெருங்க நெருங்க, படத்தில் கூர்மையாகப் பதியும் பகுதியின் ஆழம் விறுவிறுவெனக் குறையும். சாதாரண ஏ.பி.எஸ்-சி சென்சார், எஃப் 8 அப்பர்ச்சர் என்று வைத்துக்கொள்வோம். உருவம் உண்மை அளவில் கால்பங்காகப் பதியும்போது கூர்மையின் ஆழம் சுமார் 6 மி.மீ. அரைப்பங்கு என்றால் 2 மி.மீ. முழு அளவு என்றால் ஒரு மி.மீ. கூட இல்லை. அதனால்தான் நேருக்கு நேர் எடுத்த படத்தில் கண் தெளிந்தால் மூக்கு மங்குகிறது. முகம் பக்கவாட்டில் இருக்க, கேமராவும் அதற்கு இணையாக இருந்தால் கண், வாய், செதில் எல்லாம் ஒரே தளத்தில் வந்துவிடும். எப்படி எடுத்தாலும் கண் மட்டும் தப்பக் கூடாது. அதன் கண் மட்டத்துக்கு இறங்கி, தேவைப்பட்டால் தரையில் படுத்து எடுங்கள். அப்பர்ச்சரை மிகவும் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுக்கவே மெலிதாக மங்கும். எஃப் 8-க்கும் 11-க்கும் இடையில் நிற்பது நல்லது.

அடுத்தது வெளிச்சம். வீட்டுப் பூனைக்கு ஃப்ளாஷ் வேண்டாம், பகல் நேர ஜன்னல் வெளிச்சம் போதும். நல்ல வெளிச்சத்தில் பூனையின் கண்மணி கீற்றாகச் சுருங்கும். அப்போதுதான் அதைச் சுற்றியுள்ள பச்சை, மஞ்சள் இழைகள் படத்தில் வரும். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டில் வளர்க்கும் பட்ஜெரிகரின் அலகுக்கு மேல் உள்ள சதைப்பட்டையை எடுத்துப் பாருங்கள்: வளர்ந்த ஆணுக்குப் பொதுவாக நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. இரவில் பல்லியை எடுக்கும்போது ஃப்ளாஷை முகத்துக்கு நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து, வெள்ளைத் துணி வழியாக மென்மையாக்கிப் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று படங்களோடு விட்டுவிடுங்கள்.

ஊர்வனவற்றை அசையாமல் வைக்க ஃபிரிட்ஜில் குளிரவைத்து எடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அது கொடுமை. அப்படி எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாராட்டக் கூடாது. நட்சத்திர ஆமையும் பச்சைக்கிளியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இக்வானா, பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு ஊர்வனவற்றை வளர்ப்பவர்கள் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பாம்பு தென்பட்டால் நெருக்கப் படம் என்ற எண்ணத்தையே விடுங்கள். நாகமும் கண்ணாடி விரியனும் மும்பைக்குள்ளேயே உண்டு. பாம்பு பிடித்து மீட்கும் சர்ப்பமித்ராவை அழைத்துவிட்டு விலகி நில்லுங்கள். ஆமையையோ ஓணானையோ தொட நேர்ந்தால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வன பலவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கும்.

மழைக்காலத்தை ஒட்டித்தான் ஆண் ஓணானுக்குத் தலையும் கழுத்தும் சிவந்து, கன்னத்தருகே கறுப்புத் திட்டு விழும். கிளை மேல் ஏறித் தண்டால் எடுப்பதுபோல் உடம்பை ஏற்றி இறக்கிப் பெண்ணை அழைக்கும். மும்பை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வதும் அதே மாதங்களில்தான். ஆகவே கேமராவை மூடிவைக்காமல் வெளியே எடுத்துப் போங்கள். திரும்பியதும் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்கினால், ஈரம் ஏறிவிட்டது தெரிந்ததும் அதைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம்.