பாறையைத் 'தட்டிப் பார்க்கும்' மீயொலி

மண்பானையைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குறோம்? கணீர்னு கேட்டா நல்ல பானை. சத்தம் மங்கினா விரிசல். பாறைக்கும் கிட்டத்தட்ட இதே சோதனைதான். காதுக்குக் கேட்காத மீயொலி அலையை ஒரு பக்கம் அனுப்பி, மறுபக்கம் வந்துசேரும் நேரத்தை அளக்கிறார்கள். விரிசல் இல்லாத கருங்கல்லில் அது நொடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். உள்ளே நுண்விரிசல் பெருகினால் வேகம் குறையும், அலையும் வலுவிழக்கும். ஆய்வகத்தில் கல்லை அழுத்தும்போது, அது உடைவதற்கு முன்பே இந்த மாற்றம் தெரிந்துவிடுகிறது.

ஒரு சிக்கல் இருக்கு. விரிசலில் தண்ணீர் நிறைந்தால் வேகம் மறுபடி கூடும். நனைந்த பாறை பலமானதுபோல ஏமாற்றும். மழைக்காலத்தில்தான் சரிவு ஆபத்தும் அதிகம்! நீலகிரி போன்ற மலைப்பகுதியில் வீட்டுக்கு மேலுள்ள பாறையில் புது விரிசல் தெரிந்தால், சோதனை வரட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே விலகி வந்து, 1077-க்குச் சொல்லுங்க.